நன்னூல் இலக்கணமும் ஒரு கணினி நூலும்

மரத்தின் கோணலை அறிய விரும்பும் தச்சன் அதன்மீது நூலிட்டுப் பார்க்கின்றான். கோணல் இன்ன இடத்தில் உளது என்பதை நூல் காட்ட, அவன் கைக்கருவி அதனைச் செதுக்கிச் செம்மை செய்கின்றது. மனத்தின் கோணலைக் காட்டித் திருத்தும் கருவிக்கும் நம் முன்னோர் நூல் என்றே பெயரிட்டனர். 13 ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் இவ்வுவமையைக் கூறுவதோடு நூலின் குற்றங்களையும் அழகுகளையும் வகுத்துரைக்கின்றது. குற்றம் பத்து; அழகும் பத்து. நூலின் இயல்போடு நில்லாது ஆசிரியர் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடங் கேட்கும் முறை என்பவற்றையும் அப்பாயிரம் ஆராய்கின்றது. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) காண்டிகையுரை வகுத்து அந்நூலை எளிதாக்கினமையின், ஈழத்துத் தமிழ் மாணவர் பல தலைமுறையாக அதனைப் பயின்று வந்துள்ளனர்.

ஆயினும் அப்பகுதியைப் பரீட்சைக்கு மனனஞ் செய்து பின்னர் மறந்துவிடுதலே பெரும்பாலும் நம்மவர் வழக்கமாயிற்று. அவ்விலக்கணம் செய்யுட்கும் இலக்கணத்துக்கும் மாத்திரம் உரியதன்று. எக்கலையையேனும் பிறர்க்குக் கற்பிக்க எழுந்த நூல் அனைத்துக்கும் உரிய அளவுகோலாகும். அதனைக் கொண்டு இக்காலத்துக் கலையொன்றின் நூலை அளந்து பார்த்தலும், அவ்வளவையால் நம் மாணவர்க்குக் கிடைக்கும் பயன் யாதென ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். அளக்கப் புகுந்த நூல், பிரையன் கேர்னிகன், டெனிஸ் றிச்சி என்னும் இருவர் எழுதி 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சி செய்நிரலாக்க மொழி’ என்னும் ஆங்கில நூலாகும்.

கணினிக் கலையைச் சாராத வாசகர் பொருட்டுச் செய்நிரல் என்பது யாதென முதற்கண் கூறுதல் நன்று. ஒரு கருமத்தைச் செய்து முடித்தற்கு வேண்டிய படிகளை, ஐயத்துக்கு இடமின்றி, முன்பின் மாறாத ஒழுங்கில் எழுதிவைத்த கட்டளைத் தொகுதியே செய்நிரலாம். கட்டளையை ஏற்பவன் மனிதனாயின் விடுபட்டதை ஊகித்து நிரப்புவான். பிழைபடச் சொன்னதையும் குறிப்பால் உணர்வான். கணினி அவ்வாறு செய்யாது. சொன்னதைச் சொன்னவாறே செய்யும். ஆதலின் செய்நிரல் எழுதுபவன் தன் எண்ணத்தில் எங்கே இடைவெளி உளதோ அங்கே பிழையைக் காண்பான். மரத்துக்கு இட்ட நூல் போல, செய்நிரலும் எழுதியவன் சிந்தனையின் கோணலை அவனுக்கே காட்டிக் கொடுக்கின்றது. இக்கலையை நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதற்குத் தொழில்வாய்ப்பினும் இதுவே சிறந்த காரணமாகும்.

இனி, நூல் பிறந்த வரலாற்றை நோக்குவாம். அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து மறி ஹில் என்னுமிடத்தில் அமைந்த பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 ஆம் ஆண்டு தொடக்கம் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கினர். இங்கிலாந்தின் மாட்டின் றிச்சட்ஸ் 1967 இல் அமைத்த பி.சி.பி.எல். என்னும் மொழியைச் சுருக்கித் தொம்சன் ‘பி’ என்னும் மொழியை ஆக்கினார். அதனை விரித்தும் திருத்தியும் றிச்சி ஆக்கியதே ‘சி’ மொழியாகும். 1973 இல் யுனிக்சின் உட்கரு சி மொழியில் மீள எழுதப்பட்டது. அதற்கு முன்னர் இத்தகைய முறைமைகள் பெரும்பாலும் அவ்வவ் இயந்திரத்துக்கே உரிய தாழ்நிலை மொழியில் எழுதப்பட்டமையால், இயந்திரம் மாறியபோது முழுவதையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சி மொழியால் அவ்விடர் பெரிதும் குறைந்தது. உயர்தர வகுப்பில் நம் மாணவர் பயிலும் பைதன் மொழியின் முதன்மையான செயலாக்கமும், உலகெங்கும் வழங்கும் லினக்சின் உட்கருவும் சி மொழியில் எழுதப்பட்டனவேயாம்.

மொழியை ஆக்கியவர் றிச்சி. அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் திறனை உடன் கொணர்ந்தவர் கேர்னிகன். முன்னரே பி மொழிக்கும் பின்னர்ச் சி மொழிக்கும் தம் ஆய்வுகூடத்தார் பொருட்டு அறிமுகப் பாடங்கள் எழுதியிருந்த அவர், முழுநூல் ஒன்று எழுதுவோம் என்று றிச்சியைத் தூண்டினார். கற்பிக்கும் இயல்களிற் பெரும்பாலானவற்றின் முதல் வரைவு கேர்னிகனுடையது. மொழியின் இலக்கணத்தை வரையறுக்கும் பின்னிணைப்பு றிச்சியுடையது. பொருளறிந்தோன் ஒருவனும் பாடஞ் சொல்ல அறிந்தோன் ஒருவனும் கூடி எழுதிய நூல் என்று இதனைக் கூறலாம். ஆசிரியர்க்குக் கல்வி நிறைவு மாத்திரம் போதாது, கற்பிக்கும் வன்மையும் வேண்டும் என்று நம் இலக்கணம் வற்புறுத்துதலை ஈண்டு நினைவு கூர்க.

சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் இரண்டும் நூலழகுகளுள் முன்வைத்து எண்ணப்படுவன. இவ்விரண்டையும் ஒருங்கு பெறுதல் அரிது. சுருக்கினால் விளக்கங் குன்றும். விளக்கப் புகுந்தால் மிகைபடும். இந்நூலின் முதற்பதிப்பு 228 பக்கங்களே உடையது. 1988 இல் மொழியின் நியமத்துக்கு இயையத் திருத்தி வெளியிட்ட இரண்டாம் பதிப்பு 272 பக்கம். கணினி நூல்கள் ஆயிரம் பக்கம் வரை வீங்கிய காலத்திலும் ஆசிரியர் இருவரும் இதனைப் பெருக்க உடன்படவில்லை. மொழி சிறியதாகலின் அதற்குப் பெரிய நூல் வேண்டாம் என்பதே அவர் கொள்கை. ஒரு கருத்தை ஒருமுறை, உரிய இடத்தில், உரிய உதாரணத்தோடு சொல்லி அப்பாற் செல்லுதல் அவர்தம் நடை. கூறியது கூறல் என்னும் குற்றத்தை அங்கே தேடிக் காண்டல் அரிது.

அடுத்தது முறையின் வைப்பு. நூல் எட்டு இயல்களாக அமைந்தது. முதலியல் மொழி முழுவதையும் ஒருமுறை விரைவாகச் சுற்றிக் காட்டும் அறிமுகம். பின்னர் மாறிகளின் வகைகளும் கணிப்புக் குறிகளும், கட்டுப்பாட்டு ஒழுங்கு, சார்புகள், சுட்டிகளும் அணிகளும், கட்டமைப்புகள், உள்ளீடும் வெளியீடும், யுனிக்ஸ் முறைமையோடு தொடர்புகொள்ளல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பல நூல்கள் முதலிற் சொற்பொருள் வரையறைகளை அடுக்கி, மாணவன் ஒரு செய்நிரலையேனும் இயக்கிப் பார்க்குமுன் நூறு பக்கங் கடந்துவிடுகின்றன. இந்நூலோ தொடக்கத்திலேயே மாணவனைக் கொண்டு ஒரு செய்நிரலை எழுதுவிக்கின்றது. உலகுக்கு வணக்கங் கூறும் இரு சொற்களைத் திரையில் அச்சிடுதலே அச்செய்நிரலின் பணி. பார்ப்பதற்கு அற்பமானது. ஆயின் அதனைச் செய்து முடிக்க மாணவன் வாசகத்தை எழுதிச் சேமிக்கவும், தொகுப்பியிடம் கொடுக்கவும், இயக்கவும், விடை எங்கே தோன்றுகின்றது என்று காணவும் அறிந்திருத்தல் வேண்டும். இப்படியைத் தாண்டியவனுக்கு எஞ்சியவை எளிதாம் என்பது ஆசிரியர் கருத்து. இற்றை நாளில் எம்மொழிக்கு அறிமுகம் எழுதுவோரும் அவ்வணக்கத்தோடு தொடங்குதல் மரபாயிற்று; அம்மரபை உலகறியப் பரப்பியது இந்நூலேயாம்.

விளங்கும் உதாரணம் என்னும் அழகுக்கு ஓர் எடுத்துக்காட்டை விரித்துக் கூறுவாம். இரண்டாம் பதிப்பின் முதலியலில் வணக்கத்துக்கு அடுத்து வருவது வெப்பநிலை அட்டவணை. பரனைற்று அளவையில் 0 முதல் 300 வரை இருபது இருபதாக ஏறும் எண்களுக்கு நேரான செல்சியசு அளவைகளை அச்சிடுதல் வேண்டும். சூத்திரம் நாம் கீழ் வகுப்பிற் கற்றதே: பரனைற்று எண்ணிலிருந்து 32 ஐக் கழித்து, எஞ்சியதை ஒன்பதில் ஐந்தாற் பெருக்குக. கொழும்பில் நண்பகல் வெயில் 86 பாகையாயின், 32 கழிய 54; அதனை ஐந்தாற் பெருக்க 270; ஒன்பதால் வகுக்க 30 செல்சியசு.

மாணவன் இச்சூத்திரத்தைத் தன் கணிதப் புத்தகத்தில் உள்ளவாறே, முதலில் ஐந்தை ஒன்பதால் வகுத்துப் பின்னர்ப் பெருக்கும்படி எழுதினால் நிகழ்வது யாது? அட்டவணை முழுவதும் பூச்சியமாக வரும். சி மொழியில் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுக்கும்போது பின்னம் முழுவதும் வெட்டி எறியப்படும். ஐந்தில் ஒன்பது எத்தனை முறை அடங்கும்? ஒருமுறையும் அடங்காது; ஆகவே விடை பூச்சியம். பூச்சியத்தை எதனாற் பெருக்கினும் பூச்சியமே. ஆதலின் முதலில் ஐந்தாற் பெருக்கிப் பின்னரே ஒன்பதால் வகுத்தல் வேண்டும் என்று நூல் காரணங்காட்டி விளக்குகின்றது. அவ்வாறு செய்தபோதும் 80 பாகைக்கு 26 என்றே விடை வரும்; உண்மையில் அது 26.7 ஆகும். இக்குறையையும் ஆசிரியர் மறைக்கவில்லை. விடைகள் துல்லியமற்றன என்று தாமே சுட்டிக்காட்டி, தசம எண்களை ஆளும் மாறிகளை அடுத்த செய்நிரலில் அறிமுகஞ் செய்கின்றனர்.

இங்கே கற்பித்தலின் நுட்பம் ஒன்று உளது. நிறைவெண், தசம எண் என்னும் வேறுபாட்டை வரையறையாகச் சொல்லியிருப்பின் மாணவன் அதனை எழுதிக்கொண்டு மறந்திருப்பான். பிழையான விடையைத் தன் கண்ணாற் கண்டு, அப்பிழை எவ்வாறு வந்தது என்று வியந்து, பின்னர்க் காரணத்தை அறிந்தவன் அதனை மறவான். தேவை முன்னும் கருவி பின்னுமாக வருதலே இந்நூலின் ஒழுங்கு.

உலகம் மலையாமை, அஃதாவது உலகியலோடு முரண்படாமை, மற்றோர் அழகு. செய்நிரல் நூலுக்கு உலகியலாவது கணினியே. அச்சிட்ட உதாரணத்தை மாணவன் எழுதி இயக்கும்போது அது இயங்காதொழியின், அவன் தன்னையே நொந்துகொள்வான். நூலிற் பிழை இருக்குமென்று எண்ணான். இந்நூலாசிரியர் தம் நூல் வாசகத்தைக் கணினியிலேயே வைத்திருந்து, அதிலுள்ள உதாரணங்களை அவ்வாசகத்திலிருந்தே நேராக எடுத்து இயக்கிச் சோதித்தனர். அச்சுக்கோப்பையும் யுனிக்சின் செய்நிரல்களைக் கொண்டு தாமே செய்தனர். இடையிலே கையாற் படியெடுத்தல் இன்மையால் எழுத்துப் பிழை புகுதற்கு வழி குறைந்தது. எழுதுவோர்க்கு இது சிறந்த படிப்பினையாகும்.

இயல்தோறும் பயிற்சிகள் உள. அவை மனப்பாடத்தைச் சோதிக்கும் வினாக்கள் அல்ல. முன்னர் வந்த செய்நிரலைச் சற்றே மாற்றி வேறொரு கருமத்தைச் செய்விக்குமாறு கேட்பன. பாடங் கேட்டலின் பயன் கேட்ட அளவில் நில்லாது. மீள நினைத்தலும், உடன் பயில்வாரோடு வினாவி விடை கூறலும் வேண்டும் என்று நன்னூலார் விதிப்பர். அவ்விதியை ஏட்டினுள்ளே அமைத்து வைத்ததே பயிற்சி எனலாம்.

இனிக் குறைகளையும் கூறாதொழிதல் நடுவுநிலைமை ஆகாது. செய்நிரலாக்கத்தின் அடிப்படைக் கருத்துகளைச் சிறிதளவேனும் அறிந்தோர்க்கே நூல் எழுதப்பட்டது என்று ஆசிரியர் முன்னுரையிலேயே கூறியுள்ளனர். முற்றிலும் புதியவனுக்கு ஐந்தாம் இயல் மலையேற்றமாகவே தோன்றும். அவ்வியலிற் கூறப்படும் சுட்டி என்பது, நினைவகத்தில் ஒரு பொருள் இருக்கும் முகவரியைத் தன்னுட் கொண்ட மாறியாகும். வீட்டையும் வீட்டின் முகவரியையும் ஒன்றெனக் கருதி மயங்குவோன் அங்கே இடறுவான். அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

மற்றொரு குறை மொழியின்பாற்பட்டது. அணியொன்றில் நூறு எழுத்துக்கே இடமிருக்க, நூற்றுக்கு மேல் எழுதினால் சி மொழி தடை செய்யாது, அயலிடத்தை அழித்துவிடும். ஒரு வரியை வாசித்துத் தரும் சார்பொன்றை முதலியலில் ஆசிரியர் எழுதிக் காட்டும்போது, இடத்தின் எல்லையையும் உடன் கொடுத்து அதனைக் கடவாது காத்தனர். ஆயின் மொழியின் நூலகத்தில் எல்லையைக் கேளாமலே வரியை வாசிக்கும் ‘கெற்ஸ்’ என்னும் சார்பும் இருந்தது. 1988 நவம்பரில் இணையத்திற் பரவிய ‘புழு’ என்னும் தீய செய்நிரல் கணினிகளுட் புகுவதற்குக் கொண்ட வழிகளுள் ஒன்று, அச்சார்பின் இக்குறையாகும். 2011 ஆம் ஆண்டு நியமத்தில் அச்சார்பு மொழியிலிருந்தே நீக்கப்பட்டது. ஆதலின் இன்று இந்நூலைக் கற்போர், அதன் தெளிவைப் போற்றுவதோடு காவல் முறைகளைப் பிற்கால நூல்களிலும் தேடிக் கற்றல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் நூலின் சிறப்பும் எல்லையும் விளங்கும். இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டமையும் அச்சிறப்புக்குச் சான்று. இனி எழும் வினா நம்மைப் பற்றியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவன் இத்தகைய நூலாற் பெறும் பயனைத் தன் மொழியில் எவ்வாறு பெறுவான்?

தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் நம் பாடசாலைகளில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. மாறி, அணி, சார்பு, தொகுப்பி என்னும் கலைச்சொற்கள் மாணவர் நாவில் வழங்குகின்றன. அது மகிழ்தற்குரியது. எனினும் சொல்லை அறிதல் வேறு, பொருளைக் கைக்கொள்ளல் வேறு. மாறி என்பதற்கு வரையறை கேட்டால் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், இரு மாறிகளின் பெறுமானங்களை ஒன்றுக்கொன்று மாற்றுக என்று கேட்டால் திகைத்து நிற்றலை ஆசிரியராகிய நாம் வகுப்பறையிற் காண்கின்றோம். மூன்றாவது மாறியொன்றைத் துணையாகக் கொள்ளவேண்டும் என்னும் எண்ணம் அவனுக்குத் தோன்றுவதில்லை. குறை மாணவனுடையதன்று. வினாத்தாளுக்கு விடையாக வரையறைகளைச் சேர்த்துக் கொடுத்தோமேயன்றி, தானே செய்து தானே பிழைத்துத் தானே திருந்தும் வழியைக் காட்டும் நூலை அவன் கையிற் கொடுத்தோமில்லை.

அங்ஙனமாயின் கேர்னிகன், றிச்சி நூலைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கொடுத்தால் அமையுமோ எனின், அமையாது. அதற்குக் காரணம் நம் எழுத்திலேயே உளது. அந்நூலின் முதலியலில் உள்ளீட்டின் எழுத்துகளை எண்ணும் செய்நிரல் ஒன்று வருகின்றது. ஆங்கில எழுத்து ஒன்று நினைவகத்தில் ஒரு பைற்று இடத்தைக் கொள்ளுமாதலின், பைற்றுகளை எண்ணினால் எழுத்துகளை எண்ணியவாறாம். அதே செய்நிரலுக்குக் ‘கொழும்பு’ என்னும் சொல்லைக் கொடுப்போம். கொ, ழு, ம், பு என நம் இலக்கணப்படி எழுத்து நான்கு. இன்று பெரும்பாலும் வழங்கும் குறிமுறையிற் செய்நிரல் தரும் விடையோ 24.

இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது? 1991 இல் வெளிவந்த ஒருங்குறி நியமம், அகரமேறிய மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் கொடுத்தது. ஆகவே ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. ‘ம்’ என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு. நான்கு எழுத்தும் எட்டுக் குறியாயின. 1992 செப்டெம்பரில் கென் தொம்சனும் றொப் பைக் என்பவரும் அதே பெல் ஆய்வுகூடத்தில் வகுத்த யூ.ரி.எப்.-8 முறைப்படி, ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று கொள்ளும். எட்டை மூன்றாற் பெருக்க 24 ஆயிற்று. மெய்யெழுத்து இயல்பானது, அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ அகரமேறிய எழுத்தே இயல்பானது. அதனோடு புள்ளி சேர்ந்து மெய் பிறக்கும். இம்முரணை அறியாத மாணவன் கணினியே பிழை செய்தது என்று எண்ணுவான், அன்றேல் தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி என்று எண்ணுவான். இரண்டும் தவறு.

மற்றோர் உதாரணம் இன்னும் சுவையுடையது. ஒரு வரியின் எழுத்துகளைக் கடைமுதலாகத் திருப்பி எழுதுக என்பது அந்நூலின் முதலியற் பயிற்சிகளுள் ஒன்று. நம் மரபில் மாலைமாற்று என்னும் சித்திரகவி உண்டு. கடையிலிருந்து படிப்பினும் முதலிலிருந்து படித்தவாறே அமைவது. திருஞானசம்பந்தர் சீகாழியிற் பாடிய திருமாலைமாற்றுப் பதிகத்தை அறியாத சைவர் இலர். சிறு பிள்ளைகளும் அறிந்த சொல் ‘விகடகவி’. இச்சொல்லைப் பைற்றுப் பைற்றாகத் திருப்பினால் வாசிக்கவியலாத குறிகளே தோன்றும். குறி குறியாகத் திருப்பினும், வகரத்தின் பின் நிற்க வேண்டிய இகரக் குறி அதன் முன்னே சென்று நிற்க, சொல் சிதையும். எழுத்து எழுத்தாகப் பகுத்த பின்னர்த் திருப்பினாலன்றி விகடகவி விகடகவியாக மீளாது. எழுத்து என்பது யாது என்னும் வினாவைத் தீர்த்த பின்னரே தமிழ் மாணவன் இப்பயிற்சியைச் செய்ய முடியும். தொல்காப்பியமும் நன்னூலும் எழுத்ததிகாரத்தை முதலில் வைத்தமையின் நுட்பம் கணினியின்முன் அமர்ந்தவனுக்கு இவ்வாறு புதிதாக விளங்குகின்றது.

ஆதலின் நமக்கு வேண்டியது வெறும் பெயர்ப்பன்று, வழிநூல். மொழிபெயர்த்தலையும் தொல்காப்பியர் வழிநூல் வகைகளுள் ஒன்றாகவே கொண்டார். முதனூலின் முடிபை ஏற்று, பின்னோன் தனக்கு வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்து இயற்றுவதே வழிநூலின் இலக்கணம். ஆங்கில நூலின் சுருக்கத்தையும் ஒழுங்கையும் செய்துகாட்டி விளக்கும் முறையையும் முதனூல் முடிபாகக் கொள்க. கொழும்பும் விகடகவியும் நம் வேறுபாடுகளாக அமைக.

இது கைகூடுமோ என ஐயுறுவோர் நம் வரலாற்றை நோக்குக. அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் பணியாற்றினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு முதலிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கி, 1860 களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிறமொழியாளர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த கருமம், இம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கு இன்று இயலாதாகாது.

தன் மாணவர் நிலையறிந்து நூல் செய்த தமிழர் ஒருவரையும் கணினித் துறையிலேயே காணலாம். 1933 இல் ஈரோட்டிற் பிறந்த வைத்தீசுவரன் இராசாராமன் என்னும் பேராசிரியர், கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1963 இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணினி நிறுவப்பட்ட காலந்தொட்டு அங்கே செய்நிரலாக்கம் கற்பித்தவர். இந்தியாவிற் கணினிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த அந்நாளில், வகுப்பறைப் பாடங்களிலிருந்து வளர்ந்த அவர்தம் நூல்கள் மாணவர் வாங்கத்தக்க விலையில் வெளிவந்து, இந்தியாவெங்கும் பல்லாயிரவர்க்கு முதலாசிரியராயின. அவை ஆங்கிலத்தில் அமைந்தனவேனும், தன் மாணவர்க்கு எது தெரியாது என்பதை அறிந்த ஆசிரியனே நல்ல பாடநூல் எழுதுவான் என்பதற்குச் சான்றாவன. நம் நாட்டிலும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க (1939–2007) கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இக்கலைக்கு வித்திட்டார். அவர் முயற்சியால் 1987 இல் அங்கே தோன்றிய கணினித் தொழினுட்ப நிறுவகம், 2002 இற் கணினிக் கல்லூரியாக விரிந்தது. வித்திட்ட நிலம் உளது. தமிழிற் பயிர் செய்வோரே வேண்டும்.

நூல் எழுதும் பணியைப் பெரும் புலவரிடமோ அரசாங்கத்திடமோ மாத்திரம் ஒப்புவித்து நாம் வாளா இருத்தலாகாது. கேர்னிகனின் நூலும் முதலில் ஆய்வுகூடத்துத் தோழர்க்கு எழுதிய சில தாள்களாகவே பிறந்தது. இராசாராமனின் நூலும் வகுப்பறையிலேயே பிறந்தது. நம் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர் இடறும் இடத்தைக் குறித்துவைத்து, ஓர் உதாரணம், அதன் செய்நிரல், அது தரும் பிழையான விடை, பிழையின் காரணம், திருத்தம், ஒரு பயிற்சி என்னும் ஒழுங்கில் ஒரு பாடம் எழுதுவாராக. உயர்தர வகுப்பு மாணவர் அதனைத் தாமே இயக்கிப் பார்த்து, விளங்காத இடத்தைச் சொல்வாராக. கணினித் தொழிலில் உள்ள பழைய மாணவர் அதன் உண்மையைச் சரிபார்ப்பாராக. ஆண்டுக்குப் பத்துப் பாடம் இவ்வாறு எழுதப்படின், சில ஆண்டுகளில் ஒரு நூல் உருவாகும். முதலாம் பாடத்துக்குரிய பயிற்சியை இங்கேயே தருகின்றோம்: ‘கொழும்பு’ என்னும் சொல்லைக் கொடுத்தால் 4 என்று விடை கூறும் செய்நிரல் ஒன்றை, தமக்குத் தெரிந்த எம்மொழியிலாயினும் மாணவர் எழுதுக. உயிர்க்குறியையும் புள்ளியையும் எண்ணாது விடுதல் ஒரு வழி. அதன் பின்னர் ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தைக் கொடுத்துப் பார்க்க. அங்கே அவ்வழி பிழைக்கும். பிழைத்த அவ்விடத்தில்தான் பாடம் தொடங்குகின்றது.